மணிக்கு ஒரு டம்ளர் வேண்டாம், கேட்கும்போது கிடைத்தால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீண்ட நேர விமானப் பயணத்தில் உடம்பில் நீர் வற்றிப்போவது பற்றி உங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்து மணி நேரம் பறந்தால் உடம்பிலிருந்து 2 லிட்டர் தண்ணீர் போய்விடும், அதனால் மணிக்கு ஒரு டம்ளர் கட்டாயம் குடியுங்கள், காபியைத் தொடவே தொடாதீர்கள் என்று போட்டிருந்தது. இதே கணக்கு வாட்ஸ்அப்பிலும் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதியவரின் நோக்கம் நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கணக்கு தப்பு. அந்தத் தப்புக் கணக்கின் சத்தத்தில் உண்மையான தொல்லை என்ன என்பது யார் காதிலும் விழாமல் போகிறது, அதுதான் என்னை எழுத வைத்தது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், கழிவறை பற்றி வரும் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கட்டுரையில் சரியாக இருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விமானத்துக்குள் காற்று வறண்டது, அதில் சந்தேகமே இல்லை. 35 ஆயிரம், 40 ஆயிரம் அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிர். அந்தக் குளிரில் காற்றில் நீராவி தங்குவதே இல்லை எனலாம், ஒரு கிலோ காற்றில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ஈரம்கூடத் தேறாது. பெரும்பாலான விமானங்களில் அந்தக் காற்றைத்தான் என்ஜினின் கம்ப்ரசர் பகுதியிலிருந்து எடுத்து, அழுத்தத்தில் சூடானதை ஆறவைத்து, கேபினில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் காற்றோடு ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்து உள்ளே விடுகிறார்கள். சுற்றிவரும் காற்று ஹெப்பா ஃபில்டர் வழியாகப் போகிறது. அது தூசியையும் கிருமியையும் பிடிக்கும், ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மணிக்கு 20, 30 தடவை கேபின் காற்று மொத்தமும் மாறிவிடுகிறது. அப்படியானால் உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரம் எங்கிருந்து வந்தது என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் விட்ட மூச்சிலிருந்தும் அவர்கள் தோலிலிருந்தும்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் எகானமி வகுப்பைவிட, ஆளுக்கு ஒரு அறை மாதிரி விட்டு உட்காரவைக்கும் முதல் வகுப்பில்தான் காற்று இன்னும் காய்ந்திருக்கும்! காசு அதிகம் கொடுத்தவருக்கு மூக்கும் அதிகமாகவே எரியும்.

பொதுவாக கேபின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம், நீண்ட பயணத்தில் சில நேரம் அதற்கும் கீழே போகும். வீட்டுக்குள் 40, 50 சதவீதம் இருந்தால் நமக்குச் சுகமாக இருக்கும். சரி, அப்படியானால் காற்றில் கொஞ்சம் ஈரத்தைச் சேர்த்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். சேர்த்தால் அந்த ஈரம் பயணிகளின் மூக்கோடு நிற்காது. விமானத்தின் வெளித்தகடு உறைபனிக் குளிரில் இருக்கிறது, உட்சுவருக்குப் பின்னால் போய் அதில் படிந்து நீராக வழியும், வெப்பம் காக்கும் பஞ்சு நனைந்து கனக்கும், அலுமினியம் அரிக்கும், ஒயர்களுக்கும் ஆகாது. தவிர, காற்றில் தெளிக்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்தல்லவா தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும்? 2011ல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787, 2015ல் வந்த ஏர்பஸ் ஏ350 போன்றவற்றின் உடற்பகுதி பெரும்பாலும் கார்பன் இழைக் கலவையால் ஆனது, அது துருப்பிடிக்காது, அதனால் ஈரப்பதத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைக்க முடிகிறது. உள்ளழுத்தமும் மற்ற விமானங்களில் 8 ஆயிரம் அடி உயரத்து மலை மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமமான அளவு வரை இறங்கலாம் என்றால், இவற்றில் 6 ஆயிரம் அடிக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது களைப்பு கொஞ்சம் குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதுவரை கட்டுரையாளரும் நானும் ஒரே கட்சி. பிரிவது இதற்கப்புறம்தான். காற்று வறண்டிருக்கிறது என்பதிலிருந்து உடம்பு வற்றுகிறது என்று ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். வறண்ட காற்று முதலில் தொடுவது மூக்கு, தொண்டை, உதடு, கண், தோல். அங்கே ஈரப்பசை காய்ந்துபோகிறது, தொண்டை கரகரக்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது, நமக்குத் தாகம் மாதிரி தோன்றுகிறது. ஆனால் ரத்தத்தில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பயணிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் இதை நேராகவே சொல்லியிருக்கிறது: கேபினின் குறைந்த ஈரப்பதம் தோலுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் எரிச்சல் தரலாம், அதனால் உடம்பின் உள்ளே நீரிழப்பு ஏற்படுவதாகச் சான்று இல்லை, வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்க வேண்டிய தேவையும் இல்லை. விமான மருத்துவர்கள் போட்ட ஒரு கணக்கு இன்னும் கறாரானது. ஈரமே இல்லாத, பூஜ்யம் சதவீதக் காற்றில் 8 மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் வழக்கமாக இழப்பதைவிடக் கூடுதலாக இழப்பது சுமார் 100 மில்லி. நாலைந்து வாய் தண்ணீர், அவ்வளவுதான். 2 லிட்டர் எங்கே, 100 மில்லி எங்கே!

மணிக்கு ஒரு டம்ளர் என்பதையும் பெருக்கிப் பாருங்கள். டம்ளருக்கு 240 மில்லி என்று வைத்தால் 14 மணி நேரப் பயணத்துக்கு 3 லிட்டருக்கும் மேலே போகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010ல் சொன்ன அளவுப்படி வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டர், ஆணுக்கு 2.5 லிட்டர் போதும், அதுவும் சாப்பாட்டில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து. ஒரு முழு நாளைக்கு வேண்டியதைவிட அதிகமாக, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, அதிலும் பாதி நேரம் தூங்கிக்கொண்டு, எதற்காகக் குடிக்க வேண்டும்? ஆரோக்கியமான சிறுநீரகம் அதையும் சமாளித்துவிடும், கெடுதல் ஒன்றும் பெரிதாக வராது. போட்ட தண்ணீரை அது அப்படியே வெளியே தள்ளும். நீங்கள் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான். காய்ந்த மூக்குக்கும் அதனால் பலன் கிடையாது, வயிற்றுக்குள் போன தண்ணீர் மூக்கின் உட்தோலை நனைக்கப் போவதில்லை. அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் சொட்டு இரண்டு போதும். முகக்கவசம் போட்டாலும் விட்ட மூச்சின் ஈரம் கொஞ்சம் அங்கேயே நிற்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறிவிடலாம். உதட்டுக்கும் கைக்கும் ஏதாவது கிரீம். வறட்சிக்கு இதுதான் வைத்தியம், இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்படியானால் நீண்ட பயணம் முடிந்து இறங்குகிறவர்களில் பலர் தலைவலியோடும், அடர் மஞ்சள் சிறுநீரோடும், கால்கள் தள்ளாட இறங்குவது ஏன்? நியாயமான கேள்வி. பதில் காற்றில் இல்லை ஐயா. அவர்கள் குடிக்கவே இல்லை. வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காமல் 12, 14 மணி நேரத்தை ஓட்டியிருக்கிறார்கள், விமான நிலையத்துக்கு வந்த நேரத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அந்த நேரமெல்லாம் உடம்பு தன் பாட்டுக்குத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சிறுநீராகவும் வழக்கம்போல் செலவழித்துக்கொண்டிருக்கிறது, வரவு மட்டும் நின்றுபோயிருக்கிறது. வறண்ட காற்றின் கூடுதல் செலவு அந்தக் கணக்கில் ஒரு சில்லறை.

ஏன் குடிப்பதில்லை என்பதற்கு நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு இரவுப் பயணத்தில் எனக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு வயதான அம்மா. தனியாகப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர். சாப்பாட்டுத் தட்டில் மேலே ஃபாயில் ஒட்டிய சின்னத் தண்ணீர்க் கப் ஒன்று வந்தது. அதைத் திறக்காமலேயே தட்டின் மூலையில் ஒதுக்கி வைத்தார். நான் திறந்து தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம்ப்பா என்று தலையாட்டிவிட்டு, கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தவர், அப்புறம்தான் ஃபாயிலின் ஒரு ஓரத்தை மட்டும் கிழித்து, மாத்திரை தொண்டையில் இறங்குவதற்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவு, ஒரே ஒரு மிடறு குடித்துவிட்டு மூடிவைத்தார். ஏன் என்று கேட்டபோது குரலைத் தாழ்த்தி, "குடிச்சா எழுந்திரிக்கணுமே, உங்க ரெண்டு பேரையும் தூக்கத்துல எழுப்பணுமே" என்றார். நான் தூங்க மாட்டேன், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுப்புங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார், குடிக்கவில்லை. இறங்கும் நேரத்தில் எழுந்து நின்றவர் மேலே இருந்த பெட்டி வைக்கும் தட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், பிறகுதான் நடந்தார்.

அந்த அம்மாவிடம் போய் மணிக்கு ஒரு டம்ளர் குடியுங்கள் என்று சொல்லிப் பயன் உண்டா? தண்ணீரின் அருமை அவருக்குத் தெரியாமல் இல்லை. கழிவறைக்குப் போகும் வழிதான் அவர் கண்ணில் நின்றது. இரண்டு பேரின் முழங்காலைத் தாண்ட வேண்டும், இருட்டில் நடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்துவிட்டால் திரும்பி வந்து உட்கார வேண்டும், உள்ளே போனாலோ மடக்குக் கதவும் அலறும் ஃப்ளஷும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து எழுவதே ஒரு வேலை. ஆண்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பெண்களைக் கேட்டுப் பாருங்கள், வயது வித்தியாசமில்லாமல் பலர் பயணத்துக்கு முந்தைய சில மணி நேரத்திலிருந்தே குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். தாகத்தைக் காட்டிலும் சங்கடம் பெரிதாகத் தெரிகிற இடத்தில் ஆலோசனை எடுபடாது. இந்த விஷயத்தில் உருப்படியான ஒரே யோசனை, வயதானவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் ஜன்னலோரத்தைப் பார்த்து மயங்காமல் நடைபாதை ஓர இருக்கையை, முடிந்தால் கழிவறைக்கு நாலைந்து வரிசைக்குள், முன்கூட்டியே போட்டுவிடுவதுதான். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால், வேறு எதையாவது குறைத்துக்கொண்டு இதைக் கொடுக்கலாம்.

விமான நிறுவனங்கள் பக்கம் வருகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது ஒரு நிறுவனத்தின் பழக்கம் மட்டும் இல்லை. சாப்பாடு கொடுப்பார்கள், தட்டை எடுப்பார்கள், விளக்கை அணைப்பார்கள். அடுத்த சாப்பாடு வரைக்கும் ஏழெட்டு மணி நேரம் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். நல்ல நிறுவனங்களில் இரவில் இடையிடையே தட்டில் தண்ணீர்க் கப்புகளை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஒரு சுற்று வருகிறார்கள், விழித்திருப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை. நான் போன ஒரு பயணத்தில் அழைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, தலைக்கு மேல் அந்த விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் என்னவோ அவசரம் என்று நினைத்து வந்தார், தண்ணீர் என்றதும் முகம் போன போக்கைப் பார்த்தபோது இனிமேல் கேட்கக் கூடாது என்றுதான் எனக்கே தோன்றியது. கொண்டுவந்ததும் நாலு மிடறு கப்தான். கூச்ச சுபாவம் உள்ளவரோ மொழி தெரியாதவரோ அந்தப் பொத்தானை அழுத்தவே மாட்டார். பணியாளர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, முந்நூறு பேருக்கு ஒரு பத்துப் பேர் ஓடுகிறார்கள், அதே வறண்ட காற்றில்தான் அவர்களும் நடந்துகொண்டே வேலை செய்கிறார்கள். ஒரு பெரிய பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் நிம்மதி. அதைக் கணக்குப் பார்த்துத்தான் செய்யாமல் விடுகிறார்கள்.

நம் பாட்டிலை நாமே கொண்டுபோகலாமே என்றால் அங்கே செக்யூரிட்டி நிற்கிறது. 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிமருந்தை மறைத்து விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்டது, அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பாவில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி வந்தது, அப்புறம் உலகத்தின் பெரும்பகுதிக்கும் பரவிவிட்டது. புதிய ஸ்கேனர்கள் வந்த சில விமான நிலையங்களில் இப்போது தளர்த்தி வருகிறார்கள், ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள். விதி திரவத்துக்குத்தான், பாட்டிலுக்கு இல்லை. காலி பாட்டிலைக் கொண்டுபோய், சோதனையைத் தாண்டியதும் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். பெரிய பாட்டிலாக, முக்கால் லிட்டராவது பிடிக்கிற மாதிரி. சில இடங்களில் ஏறும் வாசலிலேயே இரண்டாவது சோதனை வைத்து, உள்ளே வாங்கிய தண்ணீரையும் பிடுங்கிவிடுவார்கள், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை, அதே இடத்தில் நின்று குடித்துவிட்டு காலி பாட்டிலோடு ஏறுங்கள், ஏறியதும் நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். இன்னொன்று, உறிஞ்சு குழல் வைத்த பாட்டில் என்றால் மேலே போனபின் திறக்கும்போது ஜாக்கிரதை. கேபினில் அழுத்தம் குறைந்ததும் பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று விரியும், குழல் நிமிர்ந்த நொடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்து முன் இருக்கைக்காரரின் தலையில் விழும். மூடியை மெல்லத் திருகி முதலில் காற்றை விட்டுவிட வேண்டும். இறங்கும்போது அதே பாட்டில் யாரோ பிழிந்த மாதிரி சப்பிப்போயிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

விமானத்தின் குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ஆச்சரியம். கழிவறைக் குழாயில் வருவது தொட்டித் தண்ணீர், பல விமானங்களில் குடிக்க அல்ல என்று எழுதியே ஒட்டியிருப்பார்கள். டீ, காபிக்குப் போவதும் பெரும்பாலும் அதே தொட்டியிலிருந்துதான். 2004ல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விமானங்களின் தொட்டித் தண்ணீரைச் சோதித்தபோது பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட விமானங்களில் கோலிஃபார்ம் பாக்டீரியா, அதாவது தண்ணீரில் அசுத்தம் கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமி, இருந்தது. அதன் பிறகுதான் 2009ல் விமானக் குடிநீருக்கென்றே அங்கே தனி விதி கொண்டுவந்து, தொட்டியைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கிருமிநீக்கம் செய்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று வைத்தார்கள். மேலே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூட்டிலும் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது, அதனால் ஒரு கப் டீ குடித்ததற்காக யாரும் கலங்க வேண்டாம். ஆனால் பல் தேய்க்கிறேன், மாத்திரை போடுகிறேன் என்று கழிவறைக் குழாயில் கை ஏந்தாதீர்கள். குடிப்பது மூடி சீல் உடையாத பாட்டிலாக இருக்கட்டும்.

காபியைத் தொடாதீர்கள் என்ற கட்டளைக்கும் ஆதாரம் பலவீனம்தான். தினம் காபி குடிக்கிற ஆண்களை வைத்து பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வு 2014ல் வெளியானது. நாளுக்கு நாலு கப் காபி குடித்தவர்களுக்கும் அதே அளவு தண்ணீர் குடித்தவர்களுக்கும் உடம்பின் நீர்ச்சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. பழக்கப்பட்டவருக்கு காபியும் ஒரு திரவம்தான், வரவில்தான் சேரும். தூக்கம் கெடும், அது வேறு விஷயம். சோடா வகைகளுக்கு வேறு தொல்லை: குறைந்த அழுத்தத்தில் வயிற்றுக் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும், அதோடு இதுவும் சேர்ந்தால் வயிறு உப்பிக்கொள்ளும். விமானத்தில் தக்காளி ஜூஸ் ஏன் அவ்வளவு போகிறது என்று லுஃப்தான்சா நிறுவனம் ஆச்சரியப்பட்டு ஜெர்மனியின் ஃபிராவுன்ஹோஃபர் ஆய்வகத்தைக் கேட்க, குறைந்த அழுத்தத்தில் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்கிவிடுகின்றன, தரையில் பிடிக்காத தக்காளி மேலே போனால் ருசிக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். நம் விஷயத்துக்கு இது எப்படி வருகிறது என்றால், நாக்கு மங்குவதை ஈடுகட்ட விமானச் சாப்பாட்டில் உப்பைத் தூக்கலாகப் போடுகிறார்கள். சாப்பிட்ட பின் வரும் தாகம் உண்மையான தாகம், அந்த நேரத்தில்தான் தட்டை எடுத்துக்கொண்டு விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள்.

மது மட்டும் தனி. அதைப் பற்றிக் கட்டுரை மென்று விழுங்கியிருந்தது, அங்கேதான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். மது, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்கி, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீரை வெளியே தள்ள வைக்கும். அதையும் விடுங்கள். 2024ல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வு ஒன்று வந்தது. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இரண்டு கேன் பீருக்குச் சமமான மதுவைக் கொடுத்து, விமான கேபின் அழுத்தத்தில் தூங்க வைத்தார்கள். தூக்கத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 85 சதவீதத்தை ஒட்டி இறங்கியது, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 88 வரை ஏறியது. இளைஞர்களுக்கே இப்படி என்றால், இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள ஒருவர் இரண்டு பெக் போட்டுவிட்டு போர்த்திக்கொண்டு தூங்குவதை நினைத்துப் பாருங்கள்.

காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்வதைத் தண்ணீர் தடுக்கும் என்று கட்டுரையில் போட்டதும் அளவுக்கு மீறிய வாக்குறுதி. உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வில், 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பின் ரத்தக்கட்டு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்றும், ஆரோக்கியமானவர்களுக்கு அது 6 ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்கள். அவர்கள் காரணமாகக் கை காட்டியது அசையாமல் உட்கார்ந்திருப்பதை. தண்ணீர் குடித்தால் கழிவறைக்கு எழுந்து நடப்போம், அந்த நடைதான் காலுக்கு மருந்து என்று வேண்டுமானால் சொல்லலாம்!

யாருக்கு இது உண்மையிலேயே முக்கியம் என்பதற்கு வருகிறேன், கட்டுரை இதை ஒரே வரியில் கடந்துபோயிருந்தது. வயதானவர்களுக்கு உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் தாகம் சரியாகத் தெரியாது, வயதோடு அந்த உணர்வு மழுங்கிவிடுகிறது, ஆகவே தாகம் எடுத்தால் குடித்துக்கொள்ளுங்கள் என்பது இளையவர்களுக்குச் சரி, அவர்களுக்குப் போதாது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கழிவறைக்குப் பயந்து அன்றைக்கு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுவதும், அல்லது மாத்திரையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சாதாரணமாக நடக்கிறது. இரண்டுமே ஆபத்து, மருத்துவரிடம் பயண நேரத்தைச் சொன்னால் எப்போது போடலாம் என்று நேரத்தை மாற்றித் தருவார். சர்க்கரை ஏறியிருந்தால் சிறுநீர் அதிகம் போகும், அவர்களுக்கு வரவு நிற்கவே கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் அப்படித்தான். இதற்கு நேர் எதிராக, சிறுநீரகம் பழுதானவர்கள், இதயம் பலவீனமாகி நாளுக்கு இவ்வளவுதான் குடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு உள்ளவர்கள் இருக்கிறார்கள். மணிக்கு ஒரு டம்ளர் என்று அச்சில் பார்த்து அவர்களில் யாராவது பின்பற்றினால் மூச்சு முட்டலில் போய் முடியும். எல்லோருக்கும் ஒரே அளவு எழுதுவதில் இருக்கும் வினை இதுதான்.

மயக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் விமானத்தில் நேரும் சுமார் 12 ஆயிரம் மருத்துவ அவசரங்களை அலசிய ஆய்வு வந்தது. அதில் முதலிடம் மயக்கத்துக்கும் தலைசுற்றலுக்கும், நூற்றில் 37. ஆக்சிஜன் கொஞ்சம் குறைவு, நீண்ட நேரம் தொங்கிய கால்கள், சாப்பிடாத வயிறு, குடிக்காத தண்ணீர் எல்லாம் சேர்ந்திருக்கும்போது சடாரென்று எழுந்து நின்றால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? என் பக்கத்து அம்மா பெட்டி வைக்கும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அதற்கு ஒரு படி முன்னால்.

எவ்வளவுதான் குடிப்பது என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் அதே நேரத்தில் எவ்வளவு குடிப்பீர்களோ அவ்வளவு. விழித்திருக்கும் 10 மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும், டீ, காபி, ஜூஸ் எல்லாம் சேர்த்து. ஒரேயடியாகக் குடிக்காமல் வாய் வாயாகக் குடித்தால் எழ வேண்டிய அவசரமும் குறையும். தூங்கினால் தூங்குங்கள், அலாரம் வைத்து எழுந்து குடிக்க வேண்டிய அவசியம் எதுவும் கிடையாது. கழிவறைக்குப் போகும்போது நிறம் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை பயணப் பக்கத்தில் இதைத் தொடும்போது பயணிகளுக்குப் புத்தி சொல்வதோடு நிறுத்தாமல், உங்கள் நிருபரை விமான நிறுவனங்களிடம் அனுப்புங்கள். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் எத்தனை முறை தண்ணீரோடு வருவீர்கள், தலைக்கு எவ்வளவு தண்ணீர் ஏற்றுகிறீர்கள், பயணியின் காலி பாட்டிலை நிரப்பித் தருவீர்களா, பயணிகள் தாங்களே எடுத்துக்குடிக்க சமையலறைப் பக்கம் தண்ணீர் வைத்திருக்கிறீர்களா, தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள், எத்தனை பேருக்கு ஒரு கழிவறை, எழுபது வயதுக்காரருக்கு நடைபாதை ஓர இருக்கையைக் கட்டணம் இல்லாமல் ஏன் தரக் கூடாது என்று கேட்டு, யார் என்ன பதில் சொன்னார்கள், யார் பதிலே சொல்லவில்லை என்பதைப் பெயரோடு ஒரு அட்டவணையாகப் போடுங்கள். டிக்கெட் எடுக்கும் முன் நான் அதைத்தான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்